ஏழு தலைவர்களும் ஐந்து வேட்டியும்

“சார், தலை ஏழு இருக்கு. நீங்க குடுத்தது அஞ்சு வேட்டி.”

பூமாலை ஒரு கையில் போனும் மறு கையில் வேட்டிக் கட்டுமாக நின்றார். காலை எட்டு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எதிரே பூங்காவில் வரிசையாக ஏழு மார்பளவுச் சிலைகள். புத்தர், இயேசு, லிங்கன், மார்க்ஸ், காந்தி, பெரியார், அம்பேத்கர்.

“யோவ், சுற்றறிக்கைய ஒழுங்கா படிச்சியா இல்லியா?” போனில் பேரூராட்சிச் செயல் அலுவலர் காசிநாதன் கத்தினார். “தேர்தல் நடத்தை விதி வந்தாச்சு. அரசியல் தலைவருங்கள மட்டும் மூடணும். சாமிங்கள வுட்டுடு. அஞ்சு போதும்.”

“புத்தர் எதுல சார் சேர்த்தி?”

“சாமி.”

“சாமின்னு யாரையும் கும்புடச் சொல்லலன்னு கீழ கல்லுல எழுதியிருக்கு சார்.”

“கல்லுல எழுதினத எல்லாம் நீ எதுக்குய்யா படிக்கற? தொடைக்கத்தானே உன்ன வச்சிருக்கு?”

பூமாலை பல்லைக் கடித்துக்கொண்டார். பதினோரு வருடமாக ஒரு கல்லைத் தினமும் துடைக்கிறவனுக்கு அதில் எழுதியிருப்பது மனப்பாடம் ஆகாமல் என்ன செய்யும்? ஆனாலும் அவருக்கு இன்னொன்று கேட்க வேண்டியிருந்தது.

“சார், அம்பேத்கர் கடைசியில புத்தர்கிட்டதானே போய்ச் சேந்தாரு. புத்தர் சாமின்னா, அவரையும் அந்தக் கணக்குல வச்சு வுட்டுடலாமே?”

மறுமுனையிலிருந்து வந்த சத்தத்தில் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. “ஒன்னு சொன்னா அத செய்! நேத்தே புகார் வந்து பறக்கும் படை வந்துட்டுப் போயிருக்கு. இன்னொரு தடவ வந்துச்சு, உன் ஃபைல்ல எழுதிருவேன். ஆமா!”

அந்த ஃபைல்தான் விஷயம். பூமாலையின் நிரந்தரப் பணி ஆணை டைப் அடித்துத் தயாராக இருந்தது. ‘இவர் மீது புகார் ஏதும் இல்லை’ என்று காசிநாதன் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். பதினோரு வருடத் தற்காலிகம் அன்றோடு முடியும். போடாவிட்டால் அந்தத் தாள் எந்த அலமாரிக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. சென்ற முறை அப்படிப் போன தாள் இன்னும் கிடைக்கவில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருக்கும் பேரூராட்சி அது. பெயர் வேண்டாம். எழுதினால் அதற்கும் ஒரு புகார் வரும், அதற்கும் பூமாலைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். சிமெண்டு ஆலையில் ஓய்வுபெற்ற ஒரு நல்ல மனிதர், பிள்ளைகள் பார்த்து வளரட்டும் என்று தன் செலவில் ‘உலகை மாற்றிய பெரியோர் பூங்கா’ அமைத்துப் பேரூராட்சியிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். சிலை செய்தவருக்கு ஒரே ஒரு தாடிதான் வரும் போலிருக்கிறது. லிங்கனுக்கும் மார்க்ஸுக்கும் பெரியாருக்கும் அதையே வைத்துவிட்டார். பூங்கா திறந்த அன்றுதான் பூமாலையும் வேலைக்குச் சேர்ந்தார். அன்றைக்குக் குழாயடியில் அவர் நட்ட புங்கங்கன்று இப்போது பெரிய மரமாகி நின்றது. சாலையை அகலப்படுத்தியபோது இரண்டு பக்கத்துப் புளியமரங்களும் போய்விட்டன. இது வேலிக்கு உள்ளே இருந்ததால் தப்பித்தது.

“அண்ணே, கொஞ்சம் தண்ணி புடிச்சுக்கறேன்.”

குழாயடியில் ஒரு கேனோடு நின்றான் வேல்முருகன். பறக்கும் படை வண்டியின் டிரைவர். பக்கத்து ஊர்க்காரன், நாற்பது வயது, முன்னால் நடக்கும் தொப்பை. படை அதிகாரியை ஏற்றப் போகும் வழியில் காலையில் இங்கே தண்ணீர் பிடித்துக்கொள்வான்.

“புடிச்சுக்கப்பா. உங்க மேடத்துகிட்ட சொல்லு, இன்னைக்கு எல்லாத்தையும் மூடிடறேன்னு.”

“சொல்லிடறேண்ணே. பாவம், நீங்க ஒரு ஆளு எத்தன வேலதான் பாப்பீங்க!” என்றான் வேல்முருகன். உலகத்தில் ஒருவனாவது தன்னைப் பாவம் என்று சொன்னது பூமாலைக்கு ஆறுதலாக இருந்தது.

வேல்முருகன் கேனை நிரப்பி முடிப்பதற்குள் நான்கு பேரை மடமடவென்று மூடினார். அம்பேத்கரிடம் வந்தபோது கை தயங்கியது. பூமாலையின் அப்பா கூலிக்கு மக்காச்சோளம் ஒடித்தவர். தன் மகன் அரசாங்க ஆபீசுக்குள் காலெடுத்து வைத்தது இவரால்தான் என்று, இந்தச் சிலையின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டவர். “சட்டத்த எழுதினவரையே சட்டப்படி மூடச் சொல்றானுவ. மன்னிச்சுக்கங்கய்யா” என்று சொல்லிவிட்டு வேட்டியைச் சுற்றினார்.

*

பன்னிரண்டரை மணிக்குப் பறக்கும் படை வந்து நின்றது.

முதலில் இறங்கியவர் அதிகாரி பானுப்ரியா. வேளாண்மைத் துறையிலிருந்து தேர்தல் வேலைக்கு இழுத்துக்கொண்டு வரப்பட்டவர். அவருக்குப் பின்னால் ஒரு போலீஸ்காரரும் கேமராக்காரரும் இறங்கினார்கள். வேல்முருகன் வண்டியை வேலியோரம் புங்கமரத்து நிழலில் ஒதுக்கிவிட்டு டிபன் கேரியரோடு இறங்கினான்.

“என்னங்க பூமாலை? உங்க பூங்கா மேல மறுபடியும் புகார். செயலியில போட்டோவோட வந்திருக்கு. நூறு நிமிஷத்துல நான் வந்து பாத்தாகணும்.”

“எல்லாத்தையும் மூடியாச்சே மேடம்!”

“எத வச்சு மூடியிருக்கீங்க?” பானுப்ரியா லிங்கனின் தோளில் இருந்த வேட்டி ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். இரண்டு விரல் அகலத்துக்குப் பளிச்சென்று கரை. அதுவும் ஒரு கட்சியின் கொடியில் இருக்கிற அதே நிறங்கள். பேரூராட்சி அலுவலக அலமாரியில் எந்தக் காலத்துப் பொதுக்கூட்டத்திலோ மிஞ்சிய கட்டு அது. காசிநாதன் கட்டைப் பிரிக்காமலே கொடுத்திருந்தார்.

“ஆபிரகாம் லிங்கனுக்குக் கட்சி வேட்டி கட்டி வுட்டிருக்கீங்க.”

“மேடம், இத குடுத்தது எங்க ஆபீசு...”

“கட்டினது யாரு?”

பானுப்ரியாவின் போன் அடித்தது. “புகார் விசாரணையில இருக்கோம் சார். ஆமா சார், அதே பூங்காதான்” என்று அலுத்துக்கொண்டே சொன்னார். வைத்துவிட்டு, “வண்டியில ஜிபிஎஸ் வச்சிருக்கு, அஞ்சு நிமிஷம் நின்னா ஏன் நிக்குதுன்னு மேலேருந்து கேள்வி. மக்காச்சோளத்துல படைப்புழு பாக்க வேண்டியவ நான். என் தலையெழுத்து, தலைவருங்களுக்குத் துணி பாக்கறேன்” என்றார்.

கேமராக்காரர் ஐந்து பேரையும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். எழுத வேண்டியதை எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அதற்குள் வேல்முருகன் சாப்பிட்டு, கைகழுவி, மரத்தடியில் துண்டை விரித்து ஒரு தூக்கமும் போட்டு எழுந்தான். சாயங்காலம் பூமாலைக்கு முதல் மெமோ வந்தது.

*

“கலர்தான் பிரச்சனைன்னா கலர் இல்லாத துணி எடுக்க வேண்டியதுதானே?” என்றாள் மலர்க்கொடி. பூமாலையின் மனைவி. வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருப்பவள்.

“எந்தக் கலருடி இல்ல? சிவப்பு ஒரு கட்சி. கறுப்பு ஒரு கட்சி. பச்ச, மஞ்ச, நீலம், காவி எதத் தொட்டாலும் ஒருத்தன் வந்து நிப்பான். வெள்ளதான் மிச்சம். வெள்ளத் துணிய சுத்துனா பொணம் மாதிரி இருக்குன்னு அதுக்கும் சண்டைக்கு வருவானுங்க.”

“அப்ப எல்லாக் கலரும் இருக்கற மாதிரி மூடு.”

மலர்க்கொடி பெட்டியைத் திறந்து நைட்டித் துணியை எடுத்தாள். வாடிக்கையாளர்களுக்காக வாங்கி வைத்திருந்தது. ஒன்றில் பூ, ஒன்றில் கொடி, ஒன்றில் மாங்காய், ஒன்றில் வட்டம் வட்டமாக ஏதோ. நைட்டியில் ஒரு வசதி, உலகத்தில் எந்தக் கட்சியும் அதைக் கொடியாக வைத்துக்கொள்ளவில்லை. இரவு சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஐந்து உறைகளைத் தைத்துக் கொடுத்தாள். “பதினோரு வருசமா நாளைக்கு நிரந்தரம், நாளைக்கு நிரந்தரம்னு சொல்லியே என்னைய ஏமாத்திட்டானுவ. இந்தத் தடவையாவது அந்தத் தாளு வூட்டுக்கு வரணும். இல்ல, உங்க ஆபீசுக்கு நானே வருவேன்” என்றும் சேர்த்துச் சொன்னாள். அவள் வந்தால் என்ன ஆகும் என்று பூமாலைக்குத் தெரியும்.

புதன்கிழமை காலை வேல்முருகன் தண்ணீர் பிடிக்க வந்தபோது உறைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டான். “நல்லாருக்குண்ணே! கல்யாண வூட்டுக்குக் கௌம்புன மாதிரி இருக்காங்க.”

“இன்னைக்குப் புகார் வந்தா பாரு, அவன் கையக் கால ஒடிக்கறேன்.”

“வராதுண்ணே, வராது” என்று கேனைத் தூக்கிக்கொண்டு போனான்.

பன்னிரண்டே முக்காலுக்கு வண்டி வந்தது.

“பூமாலை, இது என்ன பூ?” பானுப்ரியா காந்தியின் நெற்றியைச் சுட்டினார்.

“நைட்டிப் பூ மேடம்.”

“புகார்ல வேற பூவுன்னு சொல்லியிருக்காங்க. குளத்துல இருக்கற பூ. சரி, லிங்கன் தலையில இது என்ன?”

“இலை.”

“எத்தன?”

பூமாலை எண்ணிப் பார்த்தார். மலர்க்கொடி கத்தரித்த இடத்தில் சரியாக இரண்டு இலைகள் மிஞ்சியிருந்தன. மார்க்ஸின் தலையில் வட்டம் வட்டமாக இருந்தது வேறு, வெயில் பட்டதும் சூரியன் போலவே இருந்தது. பெரியாருக்குப் பெரிய மாம்பழம். ஐந்து தலைவர்களுக்கு நான்கு சின்னம்.

“ஒரே வரிசையில இவ்வளவு பேருக்கு வோட்டு கேட்ட ஆளு நீங்க ஒருத்தருதான்” என்றார் போலீஸ்காரர்.

பூமாலைக்குத் தலைக்கு ஏறிவிட்டது. யாரோ வேண்டுமென்றே செய்கிறான். சாலைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் பழனிவேல்தான் என்று தோன்றியது. சிலைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் அவன்தானே? நேரே போய்ச் சட்டையைப் பிடித்தார்.

“போட்டோ எடுத்து அனுப்புறது நீதானே?”

பழனிவேல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டேபிளில் அடித்து வைத்தார். பட்டன் போன். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. “இதுல போட்டோ எடுத்துக் காட்டு. எடுத்துட்டன்னா கடைய உன் பேருல எழுதி வைக்கறேன். பதினோரு வருசமா என் கடையில டீ குடிச்ச வாயி இது! இனிமே இந்தப் பக்கம் வராத!”

புகார் போதாதென்று டீயும் போயிற்று. சாயங்காலம் இரண்டாவது மெமோ வந்தது. மலர்க்கொடி தன் துணிக்குப் பதில் யார் சொல்வது என்று கேட்டாள். அதற்கும் பூமாலைதான்.

*

“துணியே வேணாம். சாக்குப் போட்டு மூடு” என்று வியாழக்கிழமை காலையில் காசிநாதன் உத்தரவு போட்டார். உத்தரவு போடுவதில் அவருக்கு என்ன கஷ்டம்? ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

பூமாலை மக்காச்சோள மண்டிக்கு அலைந்து ஐந்து பழைய சாக்குகள் கேட்டு வாங்கிவந்தார். உரச்சாக்குகள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் எழுத்து இருந்த பக்கத்தை உள்ளே திருப்பிப் போட்டார். நான்கு சாக்குகளை அப்படிப் போட்டார். ஐந்தாவதில் இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தது அவர் கண்ணில் படவில்லை. அந்த ஐந்தாவது, அம்பேத்கருக்குப் போனது. வேல்முருகன் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கிளம்பியதும் அப்போதுதான்.

பன்னிரண்டரைக்கு வந்த பானுப்ரியா நேரே அம்பேத்கரிடம் போய் நின்றார். சாக்கின் மேல் ஒரு திட்டத்தின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, இப்போது உயிரோடு இருக்கிற, ஓட்டுக் கேட்கிற ஒரு தலைவர் பெரிதாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“தலைவர மூடச் சொன்னா தலைவருக்கு மேல தலைவர ஒட்டியிருக்கீங்க” என்றார். போன் அடித்தது. “புகார் விசாரணையில இருக்கோம் சார்... ஆமா சார்... அதே பூங்காதான் சார்.” மரத்தடியில் வேல்முருகன் கேரியரின் இரண்டாவது அடுக்கைத் திறந்துகொண்டிருந்தான். தயிர்சாதம்.

அது கூடப் பூமாலைக்கு வலிக்கவில்லை. சாயங்காலம் நடந்ததுதான் வலித்தது. அவர் தெருவிலிருந்து இருபது பேர் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றது வெற்றிச்செல்வி, பூமாலையின் சொந்தச் சித்தப்பா மகள்.

“என்னண்ணே இது? அய்யாவுக்கு உரச்சாக்கா? உனக்குக் கையி எப்புடிண்ணே வந்துச்சு?”

“ஆபீசுல சொன்னாங்கம்மா...”

“ஆபீசுல சொன்னா செஞ்சிருவியா? அந்த ஆபீசுக்குள்ள நீ காலு வச்சதுக்கு யாரு காரணம்னு உனக்குத் தெரியாது?”

தெரியும். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. பூமாலை எல்லார் முன்னாலும் சாக்கை உருவினார். உள்ளே முகமெல்லாம் உரத்தூள். தன் துண்டை நனைத்து, கண்ணாடியிலிருந்து கோட்டுப் பொத்தான் வரைக்கும் துடைத்தார். வெற்றிச்செல்வி குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டுவந்து ஊற்றினாள்.

இருட்டுவதற்குள் மூன்றாவது மெமோ வந்துவிட்டது. கூடவே காசிநாதனின் போனும். “நாளைக்கு ஒரு புகார், ஒரே ஒரு புகார் வரட்டும். நான் ஃபைலோடவே வரேன். அங்கேயே உன் முன்னாடியே எழுதறேன்.”

*

அன்று மலர்க்கொடி திட்டவில்லை. அதுவே பூமாலைக்குப் பயமாக இருந்தது. மெஷினில் உட்கார்ந்து காடாத்துணியை வெட்டினாள். சாயம் போடாத, கரை இல்லாத, பூ இல்லாத துணி. வெள்ளையும் இல்லை, பழுப்பும் இல்லை. எந்தக் கட்சிக்காரனும் அதைக் கட்டிக்கொண்டு மேடை ஏற மாட்டான். ஏழு பேருக்கும் அளவெடுத்து ஏழு உறைகள் தைத்தாள்.

“சாமி, அரசியல்னு பிரிச்சாத்தானே வம்பு? ஏழு பேரையும் ஒன்னா மூடு. கேக்கறவன் கேக்கட்டும்.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு உறைகளையும் மாட்டி நாடாவை இழுத்துக் கட்டினார். அம்பேத்கருக்கு மட்டும் உள்ளே தன் புதுத் துண்டை மடித்து வைத்தார். துணி முகத்தில் உரசக்கூடாது என்று. வேல்முருகன் கேனோடு வந்து நின்று உண்மையாகவே அசந்துபோனான்.

“குத்தமே சொல்ல முடியாதுண்ணே” என்றான். குரலில் ஏனோ கொஞ்சம் வருத்தம் இருந்தது. பூமாலைக்கு அதை யோசிக்க நேரமில்லை. வேலிக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து சாலையில் போகிற வருகிற ஒவ்வொருவனையும் முறைத்துக்கொண்டிருந்தார். பதினொன்றரை வரை ஒருவனும் நிற்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு மனம் லேசானது. அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு எந்தச் சுவரில் மாட்டலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்.

பன்னிரண்டரைக்கு வண்டி வந்தது. ஐந்து நிமிடத்தில் காசிநாதனும் பைக்கில் வந்து இறங்கினார். அக்குளில் ஃபைல்.

“இப்ப என்ன மேடம்?” பூமாலை கல்லிலிருந்து எழுந்து ஓடிவந்தார்.

பானுப்ரியாவுக்கே சங்கடமாக இருந்தது. “மதத் தலைவர்களையும் மூடி, நம்பிக்கை உள்ளவங்க மனச நோகடிச்சுட்டாங்கன்னு எழுதியிருக்கு.”

“முடிஞ்சது” என்றார் காசிநாதன். ஃபைலை வண்டியின் முன்பக்கத்தில் விரித்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். “புகார் ஏதும் இல்லைன்னு எழுத எனக்கு மட்டும் ஆசை இல்லியா? அஞ்சு நாள்ல அஞ்சு. நான் என்ன பண்ண?”

பூமாலை அவரைப் பார்க்கவில்லை. “மேடம், அந்த அஞ்சு போட்டோவையும் காட்டுங்க” என்றார்.

பானுப்ரியா போனை நீட்டினார். பூமாலை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். திறந்த தலைகள். கரை வேட்டி. நைட்டி. சாக்கு. காடாத்துணி. ஐந்திலும் மேல் ஓரத்தில் அதே கிளை, அதே புங்க இலைகள். கீழ் ஓரத்தில் அதே குழாய். அவர் நட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம்.

ஐந்து நாட்களாக உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது அப்போதுதான் பொங்கி வழிந்தது.

“உலகத்தையே மாத்துன ஏழு பேரு இங்க நிக்கறாங்க. நான் நாலு நாளா அவங்களுக்குத் துணி மாத்திக்கிட்டு நிக்கறேன்!” என்று கத்திக்கொண்டே போய் முதல் நாடாவை உருவினார். புத்தர் வெளியே வந்தார். “இவர மூடுனாலும் தப்பு, தொறந்தாலும் தப்பு!” இயேசு வெளியே வந்தார். லிங்கனும் மார்க்ஸும் காந்தியும் பெரியாரும் வந்தார்கள். கடைசியில் அம்பேத்கரின் உறையை மட்டும் மெதுவாகக் கழற்றி, உள்ளே வைத்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எழுதிக்கங்க. புகார் இருக்குன்னு நல்லா கொட்ட எழுத்துல எழுதிக்கங்க. இனிமே இவரு மேல எவன் சொன்னாலும் நான் துணி போட மாட்டேன்!”

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவர் ஒரு முழுப் பேச்சையும் ‘சார்’ இல்லாமல் பேசினார். காசிநாதனின் பேனா அந்தரத்தில் நின்றது. எதிரே டீக்கடையிலிருந்து பழனிவேல் கோபத்தை மறந்து எட்டிப் பார்த்தார்.

பூமாலை கொட்டகைக்குள் போய் வெட்டரிவாளோடு வெளியே வந்தார். போலீஸ்காரர் இரண்டடி பின்னால் வைத்தார்.

“யோவ், யோவ்! அருவாள கீழ போடுய்யா!” காசிநாதன் வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

“உங்கள ஒன்னும் பண்ண மாட்டேன். எவனோ ஒரு எச்சக்கல இந்த மரத்து மறைவுல நின்னுதான் தினமும் போட்டோ எடுக்கறான். அவன் மொகம் எனக்குத் தெரியாது. ஆனா மரம் என்னுது. நான் வச்சேன், நானே வெட்டறேன். நாளைலேருந்து எவன் எங்க நின்னு எடுக்கறான்னு பாத்துடறேன்!”

“பூமாலை, வேணாங்க, பச்ச மரம்” என்றார் பானுப்ரியா. வேளாண்மைக்காரர் இல்லையா, அவருக்கு மரம்தான் முதலில் கண்ணில் பட்டது.

பூமாலை கேட்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, அடிமரத்தில் ஒரு தடவை தடவிக்கொடுத்துவிட்டு, அரிவாளைத் தலைக்கு மேல் ஓங்கினார்.

மரத்தடியில் கேரியர் உருண்டது. புளியோதரை மண்ணில் கொட்டியது. வாயில் அடைத்திருந்த கவளத்தை விழுங்கக்கூட நேரமில்லாமல் வேல்முருகன் பாய்ந்து வந்து, தொப்பை நசுங்க மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

“அண்ணே, வெட்டாதீங்கண்ணே! சத்தியமா இனிமே புகார் குடுக்க மாட்டேன்! சும்மா வண்டிய நிறுத்துனா அஞ்சு நிமிஷத்துல போன் வருது, புகார் இருந்தாத்தான் ஒரு மணி நேரம் நிக்க வுடறானுவ... பெரம்பலூர்லேருந்து அரியலூர் வரைக்கும் ஒக்காந்து சோறு திங்க நிழலுன்னு இருக்கறது இந்த ஒரு மரம்தாண்ணே!”